கதவுக்கடியில் கிடைத்த பல்

பல்லை ஒரு காப்பித் தட்டில் வைத்து என் மேஜைக்குக் கொண்டுவந்தார்கள். சட்டமன்றச் செயலகத்தில் எனக்குத் தெரியாத விதி என்று ஒன்று இருப்பதாக அன்றுவரை நான் நினைத்ததில்லை. அவைக்குள்ளும் சுற்றியுள்ள தாழ்வாரங்களிலும் கண்டெடுக்கப்படும் பொருள்களைச் சபைக் காவலர் அறையில் ஒப்படைக்க வேண்டும். உரியவர் வந்து கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் ஏலம். குடை, பேனா, மூக்குக் கண்ணாடி, அமளி நடந்த நாள்களில் ஒற்றைச் செருப்பு என்று எல்லாவற்றுக்கும் இந்த விதி போதுமானதாக இருந்தது. பல்லுக்கு விதி இல்லை. மேல்வரிசை முன்பல், வேரோடு வந்திருந்தது. வேரில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. முன்பக்கம் தங்க உறை. அவைக்குள் நுழையும் பெரிய கதவின் அடியில், நிலைப்படிக்கும் கம்பளத்துக்கும் நடுவே கிடந்ததாகப் பெருக்குகிற அம்மாள் சொன்னாள். அது யாருடையது என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கோட்டையில் தங்கப் பல் கட்டியிருந்தவர் ஒருவர்தான். ஆளுங்கட்சியின் கொறடா.

கொறடா என்பவருடைய வேலை, கேட்பதற்கு எளிது. வாக்கெடுப்பு நாளில் தன் கட்சி உறுப்பினர்களை அவைக்குள் கொண்டுவந்து சேர்த்து, கட்சி சொல்கிற பக்கம் எழுந்து நிற்க வைக்க வேண்டும். இன்று இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போய்விடும். நான் சொல்கிற காலத்தில், அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும், அப்படி ஒரு சட்டம் கிடையாது. காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று இருந்தவர்களும் மாண்புமிகுக்களே. ஆகவே கொறடாவிடம் இருந்த ஆயுதங்கள் இரண்டு: பேச்சு, கை. எங்கள் கொறடா அதிகம் பேச மாட்டார்.

அவரை நான் முதலில் கவனித்தது ஒரு படிவத்தால். உறுப்பினர்களைப் பற்றிய அறிமுக நூல் ஒன்றைச் செயலகம் வெளியிடும். முந்தைய தொழில் என்ற இடத்தில் எல்லோரும் வழக்கறிஞர், விவசாயம், வணிகம் என்று எழுதுவார்கள். இவர் ‘கட்சி’ என்று எழுதியிருந்தார். அது தொழில் ஆகாது, சமூக சேவை என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டனுப்பினேன். மறுநாள் நேரில் வந்து நின்றார். கட்டை குட்டையான உடம்பு, கழுத்தைச் சுற்றிக் கரைத்துண்டு, சிரித்தால் மின்னும் அந்தப் பல். “சேவைன்னா சும்மா செய்யறது சார். நான் அதுலயேதான் துன்னு வளந்தேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது. கட்சின்னே போடு” என்றார். நூலில் சமூக சேவை என்றுதான் வந்தது. விதி அப்படி.

அவர் சொன்னது பொய்யில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ வாசலில் கிடந்த பையன். அப்பன் யார் என்று தெரியாது. தாய் சினிமாக் கூட்டத்தில் தலை காட்டப் போனவள், ஒருநாள் திரும்பி வரவில்லை. கட்சியின் படிப்பகத்து பெஞ்சில் படுத்துத் தூங்கினான். எழுத்துக் கூட்டியது அங்கே வந்த கட்சிப் பத்திரிகையில். பசை காய்ச்சினான், சுவரொட்டி ஒட்டினான், மற்றவர்கள் ஒட்டியதைக் கிழித்தான், கிழித்ததற்காக அடி வாங்கினான், பெரியவனானதும் அடித்தான். கல்யாணம் கட்சி மேடையில் நடந்தது. அந்தப் படிப்பகத்தை நடத்தியவர், அவனைப் பெஞ்சில் படுக்க விட்டவர், தாலி எடுத்துக் கொடுத்தவர் எல்லாம் ஒரே ஆள்: கட்சியின் மாவட்டச் செயலாளர். கட்சிக்காரர்கள் வாயில் அந்தப் பதவி ‘மாவட்டம்’ என்று சுருங்கி, ஆளின் பெயராகவே ஆகிவிடும். மாவட்டம் வந்துவிட்டார், மாவட்டம் கோபமாக இருக்கிறார் என்பார்கள். நானும் அவரை அப்படியே சொல்கிறேன்.

தங்கப் பல்லும் மாவட்டம் கொடுத்ததுதான். ஏதோ ஒரு தேர்தலின்போது சைதாப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் மேடையை நோக்கி சோடா பாட்டில் வீசினார்கள். கோலி உள்ள பாட்டில். குலுக்கி வீசினால் வெடிகுண்டுக்குத் தம்பி. பேசிக்கொண்டிருந்த மாவட்டத்தின் முன்னால் பாய்ந்து நின்ற இவருடைய வாயில் ஒன்று வெடித்தது. உதடு இரண்டாகப் பிளந்தது, முன்பல் பாதியில் முறிந்தது. மாவட்டம் தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி உருக்கி, பாண்டி பஜாரில் ஒரு பல் வைத்தியரிடம் உறை போட வைத்தார். சட்டமன்ற உறுப்பினரான பிறகும் அந்தக் கதையை லாபியில் யார் கேட்டாலும் கொறடா சொல்வார். “மாவட்டத்தோட மோதிரம் என் வாயில கீது. நான் எப்படிப்பா பொய் பேசுவேன்?”

பொய் பேசாத அந்த வாய்க்குக் கீழே இருந்த கைகளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வாக்கெடுப்பு மணி அடித்ததும் லாபியை ஒரு மேய்ப்பனைப் போலச் சுற்றி வருவார். சாய்வு நாற்காலியில் தூங்கிய ஒரு உறுப்பினரை, அவர் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், சத்தம் கேட்கும்படி கன்னத்தில் அறைந்ததை நானே பார்த்தேன். அறைந்த கையாலேயே அவருடைய தலையைக் கோதி, துண்டை மடித்துத் தோளில் போட்டு உள்ளே அனுப்பினார். எல்லோரையும் தள்ளி முடித்த பிறகு கடைசியாகத்தான் அவர் நுழைவார். மணி நின்றதும் காவலர்கள் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினால் வாக்கெடுப்பு முடியும் வரை யாரும் உள்ளே வர முடியாது. கதவு மூடும்போது அந்த இடுக்கில் முதலில் ஒரு கால் வரும். இடது கால். காவலர் நிறுத்துவார். பிறகு முழு ஆளும் வருவார். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் இது நடந்தது. அவருடைய இடது செருப்பின் முனை கதவு கடித்துக் கடித்துக் கிழிந்திருக்கும்.

இப்போது கல்லூரிகளிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். அரசியலையே தொழிலாகக் கொண்டவர்கள் கட்சிக்கு அதிக விசுவாசமாக இருக்கிறார்களா, வேறு தொழிலிலிருந்து வந்தவர்களா என்று கேட்கிறார்கள். நானும் மரியாதையாகப் பதில் சொல்கிறேன். நான் பார்த்த வரையில், மனசாட்சி என்பது கட்சிக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் தாராளமாக இருக்கும். லஸ் பக்கத்து வக்கீல் ஒருவர் அதே கட்சியின் உறுப்பினர். மூன்று தலைமுறையாக வக்கீல் குடும்பம், வீட்டின் முன்னறை முழுக்கத் தோல் அட்டைப் புத்தகங்கள். கட்சியோடு கருத்து வேறுபாடு என்று அடிக்கடி சொல்வார்; அப்படிச் சொன்ன மறுநாள் உயர் நீதிமன்றத்தில் அவருக்குக் கட்சிக்காரர்கள் குறைந்ததில்லை. தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர். தெற்கிலிருந்து வந்து கடை வைத்தவர். அவருடைய விசுவாசம் கல்லாவுக்கு. கல்லாவின் பாதுகாப்பு எந்தக் கட்சியில் இருக்கிறதோ அங்கே அவர் இருப்பார், அதை மறைத்ததும் இல்லை. கொறடாவுக்குத் திரும்பிப் போக நீதிமன்றமும் இல்லை, கடையும் இல்லை. இருந்தது படிப்பகத்து பெஞ்சு. அதுவும் கட்சியுடையது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கட்சி பிளந்தது. தலைமையைக் கணக்குக் கேட்டதாக மாவட்டத்தைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். மாவட்டமும் சட்டமன்ற உறுப்பினர். தன்னோடு கொஞ்சம் பேரை அழைத்துக்கொண்டு போய், ஆட்சியின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஊர் இரண்டானது. ஒரே சுவரொட்டிப் பசை வாளியைச் சுமந்தவர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்தார்கள். தி.நகரில் பஸ் எரிந்தது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு தரப்புக்கும் தனித்தனி வார்டு கேட்டு, கிடைக்காமல், அடிபட்டவர்கள் கட்டிலிலிருந்து இறங்கிக் குளுக்கோஸ் கம்பியால் அடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: கொறடா எந்தப் பக்கம்? மாவட்டத்தின் மோதிரத்தை வாயில் வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போவார் என்று பந்தயம் கட்டினார்கள். அவர் போகவில்லை. கொறடாவாகவே இருந்தார். மாவட்டத்தின் தீர்மானத்தைத் தோற்கடிக்க எல்லோரும் தவறாமல் அவைக்கு வர வேண்டும் என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

அந்த உத்தரவு வெளியான அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் மந்தைவெளியில் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததில்லை. அவர் வீட்டின் மேல் கல்லெறிந்திருக்கிறார்கள். கதவைத் திறந்து வெளியே வந்தவரின் புருவத்தில் ஒன்று பட்டுச் சட்டை நனைந்திருந்தது. என் மனைவி செம்பில் தண்ணீரும் பழந்துணியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மொதல்ல தொடைச்சுக்கச் சொல்லுங்கோ. ஆத்துக்குள்ள ரத்தம் சொட்டிண்டே இருக்கு” என்று உள்ளே போனாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார்: கொறடாவே எழுந்து நிற்காவிட்டால் என்ன ஆகும்?

சட்டத்தில் ஒன்றும் இல்லை, விதிகளிலும் இல்லை, கட்சி வேண்டுமானால் நடவடிக்கை எடுக்கலாம் என்றேன்.

“சட்டத்துல ஒண்ணும் இல்லியா?” என்று திருப்பிக் கேட்டார். ஒருவேளை ஏதாவது இருக்கும் என்று நம்பி வந்தவர் போலிருந்தது. பிறகு சிரித்தார். “அப்ப இத்தினி நாளா எல்லாரையும் நான் சும்மாவா சார் அடிச்சிகினு இருந்தேன்?” தண்ணீரைக் குடித்துவிட்டு, துணியைத் துவைத்துக் கொடுப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

வாக்கெடுப்பு நாளில் கோட்டைக்குள் நுழைவதே ஒரு யுத்தமாக இருந்தது. வெளியே தடியடி, உள்ளே அதற்குச் சளைக்காத விவாதம். மாவட்டம் பேசும்போது மைக்குக் கம்பி பிடுங்கப்பட்டது. பிடுங்கியவரின் முகத்தில் காகித எடைக்கல் விழுந்தது. செருப்புகள் இரண்டு திசையிலும் பறந்தன. ஒருவர் மேஜை மேல் ஏறி நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். அடுத்தவர் அவர் காலைப் பிடித்து இழுக்க, விழுந்தவரின் தலை பெஞ்சின் விளிம்பில் மோதிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். அவைக் குறிப்பில் இதற்கெல்லாம் சேர்த்து அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தை போடுவோம்: குறுக்கீடு. வக்கீல் அந்தக் களேபரத்தில், சட்டை கசங்காமல் எழுந்து, தன் மனசாட்சிப்படி தீர்மானத்தை ஆதரிப்பதாக இங்கிலீஷில் சொல்லி உட்கார்ந்தார். அவரை யாரும் தொடவில்லை.

சபாநாயகர் வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். மணி அடித்தது. நான் செயலாளரின் மேஜைக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி நின்றேன். ஜவுளிக்கடை அண்ணாச்சியைக் காணோம். யார் ஜெயிப்பார்கள் என்று உறுதியாகத் தெரியாத நாளில் அவருடைய கல்லாவுக்கு வழி தெரியவில்லை. கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார். வயிறு சரியில்லை, தம்பி, விட்டுவிடு என்று உள்ளேயிருந்து அவர் கெஞ்சியதாகவும், கொறடா கதவைத் தோளால் இடித்துப் பெயர்த்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். நான் பார்த்தது இதுதான்: மணி நின்றது, கதவு நகர ஆரம்பித்தது, இடுக்கின் வழியாக அண்ணாச்சி, கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்து வரப்பட்டு, ஒரு மூட்டையைப் போல உள்ளே வீசப்பட்டார். முழங்கால் தரையில் தேய்ந்து ரத்தம் கண்டது. அப்புறம் வழக்கம்போலக் காவலர் கையைத் தளர்த்திக் காத்திருந்தார். இடுக்கு இருந்தது. கொறடாவின் முகம் அதில் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது அவையின் எதிர்ப்புறம், மாவட்டம் உட்கார்ந்திருந்த இடத்தை. கால் வரவில்லை. காவலர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு கதவு மூடியது.

தீர்மானம் சுலபமாகத் தோற்றது. கொறடாவின் வாக்கு இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு அதேதான். வரிசை வரிசையாக எழுந்தவர்களை நாங்கள் எண்ணினோம். முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்ததை எல்லோரும் எண்ணினார்கள். கதவு திறந்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முதலில் பாய்ந்தவர்கள் இரண்டு இளம் உறுப்பினர்கள். இருவரையும் படிப்பகத்து பெஞ்சிலிருந்து எடுத்து வளர்த்தவர் அவரேதான். வாயில் அடிக்கும்போது கட்டைவிரலை மடக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் அவராகத்தான் இருக்கும். துரோகி என்றுகூட அவர்கள் கத்தவில்லை. ஒருவன் பின்னாலிருந்து கைகளைக் கட்டினான், மற்றவன் குத்தினான். குத்தினான், நிறுத்தி மூச்சு வாங்கினான், மறுபடி குத்தினான். கொறடா திருப்பி அடிக்கவில்லை, வாயைக்கூட மூடிக்கொள்ளவில்லை. காவலர்கள் பிரித்துவிட்டபோது சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. அதற்குள் எதிரணியினர் அவரைத் தங்கள் ஆள் என்று எண்ணி மாலையோடு ஓடிவந்தார்கள். அந்த மாலையைப் பிடுங்கி, அதைப் போட வந்தவனையே அறைந்தார். அன்று அவர் அடித்தது அந்த ஒரு அடிதான்.

உறுப்பினரை அவை வளாகத்துக்குள் தாக்குவது உரிமை மீறல். ஆனால் உறுப்பினர் புகார் எழுதித் தர வேண்டும். அவர் தரவில்லை. புகார் இல்லாவிட்டால் சம்பவமும் இல்லை. இருந்தது ஒரு பல்.

அதை ஒரு உறையில் போட்டு, கையெழுத்து வாங்கத் தாளையும் எடுத்துக்கொண்டு தி.நகருக்குப் போனேன். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் சந்தில் வாடகை வீடு. கட்சி அவரை நீக்கியிருந்தது; கொடிக்கம்பத்தை வாசலிலிருந்து பிடுங்கிப் போயிருந்தார்கள், குழி அப்படியே இருந்தது. முகம் வீங்கிப் பாயில் படுத்திருந்தார். அவருடைய மனைவி கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்துகொண்டிருந்தாள். மந்தைவெளியிலிருந்து எடுத்துப்போன எங்கள் வீட்டுத் துணிதான் அது. விதி தெரிந்தவன் என்ற உரிமையில் நேராகவே கேட்டேன்: காவலர் காத்திருந்தாரே, காலை வைத்திருக்கலாமே?

கஞ்சித் துணியைக் கையால் விலக்கினார். பிறகு, பல் இல்லாத இடைவெளியில் காற்று இரைய, “வெக்கணும்னுதான் சார் இருந்தேன். மாவட்டம் என்னியே பாத்துகினு இருந்தாரு” என்றார். “உள்ள வந்தா அவருக்கு எதிரா எந்திரிக்கணும். எந்திரிக்காம குந்திகினு இருந்தா கட்சிக்குத் துரோகம். கதவுக்கு அந்தாண்ட ரெண்டும் இல்ல. கால் தானா நின்னுடுச்சி.”

“அந்தாண்ட நின்னா சோறு எவன் போடுவான்?” என்றாள் மனைவி, அவரைப் பார்க்காமல். உறையைப் பிரித்துக் காட்டினேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அது தனக்கு வேண்டாம் என்றார். யாருக்குக் கொடுப்பது என்று கேட்டதற்கு, உங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ‘உரியவர் ஏற்க மறுத்தார்’ என்று தாளில் எழுதிக்கொண்டு திரும்பினேன்.

அதன் பிறகு அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. வேறு எதுவும் தெரியாது என்று சொன்ன மனிதர், ஒரு அச்சகத்தில் காகிதம் சுமந்தார். அடுத்த தேர்தல் வந்தபோது அவருடைய சந்து முனையிலேயே இரண்டு தரப்புப் பையன்களும் ஒரு சுவருக்காக மோதிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் இவர் பழக்கிய பையன்கள். அந்தச் சுவரில் இவர் ஒட்டாத சுவரொட்டி இல்லை. பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே நடுவில் போய் நின்றிருக்கிறார். சைக்கிள் செயின்கள், இரும்புக் குழாய்கள். பின்மண்டையில் விழுந்த அடி எந்தப் பக்கத்துடையது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் இரண்டு கட்சிகளும் அவரைத் தியாகி என்று அறிவித்தன.

கண்ணம்மாபேட்டை மயானத்தில் இரண்டு கொடிகள் வந்தன. உடம்பின் மேல் முதலில் எந்தக் கொடி என்பதில் தகராறு வந்து, அடுக்கி வைத்த விறகை உருவி அடித்துக்கொண்டார்கள். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. அவருடைய மனைவி ஒரு விறகுக் கட்டையைக் கையில் எடுத்தாள். “எவன் கொடிய போட்டாலும் அவனையும் சேத்து கொளுத்திருவேன். தள்ளி நில்லுங்கடா” என்றாள். பெரிய குரல்கூட இல்லை. தள்ளி நின்றார்கள். கொடி இல்லாமல், மேலே கோடி வேட்டியோடு மட்டும் அவர் கிடந்தார். பாடை சாய்ந்ததில் தாடைக் கட்டு அவிழ்ந்து வாய் திறந்திருந்தது. அப்போதுதான் மாவட்டம் வந்தார். இளைத்திருந்தார், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். கூட்டத்தில் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், “அந்தப் பல்லு… என் மோதிரம்… கிடைச்சுதாமே, உங்க கிட்டத்தானே இருக்கு?” என்று கேட்டார்.

பல் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. கொறடாவின் மனைவியிடம் கொடுக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். பணிக்காலம் முழுவதும் கேட்ட கேள்விக்கு உண்மையை மட்டுமே பதிவு செய்த நான், விதிப்படி உரியவர் ஏற்க மறுத்த பொருள்கள் ஏலத்தில் போய்விட்டன என்றேன். மாவட்டம் தலையசைத்தார். யார் எடுத்தது என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அவள் விறகுக் கட்டையோடு நின்ற இடத்துக்குப் போய்ப் பையிலிருந்ததைக் காட்டியபோது, ஒருகணம் பார்த்துவிட்டு என் கையைத் தானே மூடிவிட்டாள். “அவருக்கே வேணான்னாரு. எனக்கு எதுக்கு?” என்றாள்.

இன்று சட்டம் இருக்கிறது. கொறடாக்கள் நன்றாகப் படித்தவர்கள். உத்தரவை மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். உறுப்பினர்களைக் குளிர்சாதனப் பேருந்தில் ஏற்றிக் கடற்கரை விடுதிகளில் வைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கதவுக்கு வெளியே நிற்பவனின் பதவியைப் பறிக்கிறார்கள், பல்லை விட்டுவிடுகிறார்கள். முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும். சென்ற வாரம் கூப்பிட்ட ஆராய்ச்சி மாணவி, அரசியலைத் தவிர வேறு தொழிலே இல்லாதவர்களின் விசுவாசத்துக்கு எல்லை உண்டா என்று கேட்டாள். ஒரு நிமிஷம் இரு அம்மா என்று சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உறை மஞ்சளாகிவிட்டது. வேரில் இருந்த கறுப்பு உதிர்ந்துவிட்டது. தங்கம் அப்படியே இருக்கிறது. மோதிரமாக இருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. உண்டு என்றேன். எவ்வளவு என்று கேட்டாள். ஒரு கால் நுழைகிற இடுக்கு அளவு என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாளா என்று தெரியாது. இழுப்பறையை மூடினேன்.